அடுக்கு மீகடத்திகளில் ஒழுங்கீனமும் சுழிப்பு அவத்தை மாற்றமும்: முழுமையான வழிகாட்டி

மின்தடையில்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருளான மீகடத்திகளில், இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒன்றைக் காந்தப் புலத்தில் வைத்தால், புலம் அதனுள் ஒரே சீராகப் பரவுவதில்லை. மெல்லிய இழைகளாகப் பிரிந்தே நுழைகிறது. ஒவ்வோர் இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழன்றுகொண்டிருப்பதால் அதைச் சுழிப்பு என்கிறோம். ஒவ்வொரு சுழிப்பும் 2.07 × 10⁻¹⁵ வெபர் என்ற ஒரே அளவான காந்தப் பாயத்தைத் தாங்குகிறது. இதுவே பாயச் சொட்டு. ஒன்றையொன்று தள்ளும் இச்சுழிப்புகள் ஒழுங்கான சாலகமாக, அதாவது ஒரே அமைப்புத் திரும்பத் திரும்ப வரும் வலையாக, அமையும் என்று 1957இல் அலெக்சி அப்ரிகோசோவ் கணித்தார். அவர் முதலில் பெற்றது சதுரச் சாலகம். முக்கோணச் சாலகத்துக்கே சக்தி குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. 1967இல் எஸ்மானும் ட்ரொய்பிளேயும் நுண்ணிய காந்தத் துகள்களை மேற்பரப்பில் படியவிட்டு அந்த முக்கோண ஒழுங்கைப் படமாகவே காட்டினார்கள்.

சுழிப்புகள் நகர்ந்தால் மின்தடை தோன்றும். அவை நின்ற இடத்தில் நின்றால்தான் இழப்பில்லாமல் மின்னோட்டம் பாயும். ஆகவே சுழிப்புத் தொகுதி திண்மமா, திரவமா, கண்ணாடி போன்ற உறைந்த குழப்பமா என்ற கேள்வியிலேயே அந்தப் பொருளின் பயன் தங்கியிருக்கிறது. படிகத்தின் குறைகளால் வரும் ஒழுங்கீனத்தை, கூர்மையான மாற்றத்தை மங்கச் செய்யும் அழுக்காகவே பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். அது பிழையான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. வெப்பத்தையும் சாலகத்தின் விறைப்பையும் போல ஒழுங்கீனமும் தராசில் ஏறும் ஒரு சக்தி என்று கொண்டால், எந்த வெப்பநிலையிலும் புலத்திலும் சுழிப்புகள் எந்த நிலையில், அதாவது எந்த அவத்தையில், இருக்கும் என்று காட்டும் அவத்தை வரைபடம் முழுவதையும் ஒரு கணிப்பானைக் கொண்டே தோராயமாக வரைந்துவிடலாம். திருகோணமலையில் என்னிடம் படிக்க வரும் மாணவர்களின் கைக்குத் திரவ நைதரசனும் எட்டாது, மீகடத்திப் படிகமும் எட்டாது. ஆனால் கணிப்பானும் ஒரு மடிக்கணினியும் இருக்கின்றன. இந்த வழிகாட்டிக்கு அவை போதும்.

படி 1: சுழிப்புகளின் இடைவெளியைக் கணியுங்கள்

பாயச் சொட்டைக் காந்தப் பாய அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.075ஆல் பெருக்கினால் முக்கோணச் சாலகத்தின் இடைவெளி கிடைக்கும். 1 தெசுலாவில் அது 49 நானோமீற்றர், 0.05 தெசுலாவில், அதாவது 500 காஸில், 219 நானோமீற்றர். புலத்தை நான்கு மடங்காக்கினால் இடைவெளி பாதியாகும். பின்வரும் எல்லாக் கணக்கிலும் இந்த நீளமே அளவுகோலாக வரும் என்பதால், எடுத்த எடுப்பிலேயே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அடுக்குகள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளன என்று பாருங்கள்

உயர் வெப்பநிலை மீகடத்திகளில் மின்னோட்டம் செப்பு–ஒட்சிசன் தளங்களில்தான் தாராளமாகப் பாய்கிறது. தளத்திலிருந்து தளத்துக்குத் தாவுவது கடினம். இக்கடினத்தைத் திசை விகிதம் என்ற ஓர் எண்ணால் குறிக்கலாம். இற்றியம் பேரியம் செப்பு ஒட்சைட்டில் அது 5 முதல் 7 வரை. பிஸ்மத்–2212 என்ற சேர்மத்தில் 100ஐ ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும். முதலாவது சற்றுத் தடித்த அட்டைக்கட்டு. இரண்டாவது ஒன்றோடொன்று ஒட்டாத தாள்களின் அடுக்கு.

இதனால் பிஸ்மத் சேர்மத்தில் ஒரு சுழிப்பை நீண்ட கம்பியாக எண்ணுவது பொருந்தாது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு தட்டையான வட்டுச் சுழிப்பு இருக்கிறது. தட்டில் அடுக்கிய தோசைகளைப் போல அவை ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன, சிறிய விசையிலும் பக்கவாட்டில் வழுக்கிவிடுகின்றன. 1991இல் ஜோன் கிளெம் இந்தப் படத்தைத் தெளிவான கணிதமாக்கினார். பாயச் சொட்டை, திசை விகிதத்தை அடுக்கு இடைவெளியால் பெருக்கி வரும் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அடுக்குகள் ஏறத்தாழத் தனித்தனியாக நடக்கத் தொடங்கும் புலம் வரும். திசை விகிதம் 100, அடுக்கு இடைவெளி 1.5 நானோமீற்றர் என்றால் அந்தப் புலம் 0.09 தெசுலா. இற்றியம் சேர்மத்துக்கு அதே கணக்குப் பத்துத் தெசுலாவையும் தாண்டிப் போகும். ஒரே கோட்பாட்டின் இரு முகங்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு இவ்விரு எண்களுமே விடை.

படி 3: விறைப்பையும் வெப்பத்தையும் தராசில் வையுங்கள்

ஒவ்வொரு சுழிப்பும் அதன் அயலவர்கள் அமைத்த கூண்டுக்குள் இருக்கிறது. அது தன் இடத்திலிருந்து இடைவெளியின் ஐந்திலொரு பங்களவு விலகினால் சாலகம் குலையும் என்று எடுத்துக்கொள்வோம். இது லிண்டமன் நியதி. அந்த விகிதம் 0.1க்கும் 0.2க்கும் இடையில், சில வேளை சற்று மேலாக அமையலாம், நாம் 0.2 என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் சுழிப்பின் கோட்டுச் சக்தியைக் கணியுங்கள். பாயச் சொட்டின் வர்க்கத்தை, 4 பை, வெற்றிடத்தின் காந்த உட்புகவிடுமியல்பு, ஊடுருவல் ஆழத்தின் வர்க்கம் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். ஊடுருவல் ஆழம் என்பது காந்தப் புலம் மீகடத்திக்குள் நுழையும் தூரம்; அது இற்றியம் சேர்மத்தில் ஏறத்தாழ 140 நானோமீற்றர், பிஸ்மத் சேர்மத்தில் ஏறத்தாழ 200 நானோமீற்றர். ஆகவே கோட்டுச் சக்திகள் முறையே மீற்றருக்கு 1.4 × 10⁻¹¹ யூல், 6.8 × 10⁻¹² யூல். இதை லிண்டமன் விகிதத்தின் வர்க்கமான 0.04ஆலும் சுழிப்பு இடைவெளியாலும் பெருக்கித் திசை விகிதத்தால் வகுத்தால், சுழிப்பைக் கூண்டிலிருந்து வெளியேற்றத் தேவையான சக்தி கிடைக்கும்.

இற்றியம் சேர்மத்தில், திசை விகிதம் 7, புலம் 1 தெசுலா என்றால், அந்தச் சக்தி, போல்ட்சுமான் மாறிலியால் வகுத்து வெப்பநிலையாக எழுதினால், 280 கெல்வினுக்குச் சமன். வெப்பநிலை கூடக்கூட ஊடுருவல் ஆழம் பெருகிச் சக்தி தளர்வதைச் சேர்க்க, அதை 1இலிருந்து வெப்பநிலை விகிதத்தின் நான்காம் வலுவைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குங்கள். இங்கே வெப்பநிலை விகிதம் என்பது வெப்பநிலையை, மீகடத்துதல் மறையும் மாறுநிலை வெப்பநிலையால் வகுத்த எண். மாறுநிலை வெப்பநிலை 93 கெல்வின் என்று வைத்து, அந்தப் பெருக்கமும் வெப்பநிலையும் சமனாகும் இடத்தைத் தேடினால் 85 கெல்வின் வரும். பரிசோதனையில் 1 தெசுலாவில் சாலகம் உருகுவது அதற்குச் சில கெல்வின் மேலே. அரைப் பக்கக் கணக்கு இவ்வளவு கிட்ட வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

பிஸ்மத் சேர்மத்துக்கு 0.05 தெசுலாவில் அதே கணக்கைச் செய்யுங்கள்: 43 கெல்வின், தளர்வைச் சேர்த்தால் 41 கெல்வின். மீகடத்துதல் 90 கெல்வின் அளவில்தான் மறைகிறது என்றாலும், அதன் பாதி வெப்பநிலையிலேயே, வீட்டுக் காந்தம் ஒன்று தரக்கூடிய புலத்தில், சுழிப்புச் சாலகம் உருகிவிடுகிறது.

படி 4: ஒழுங்கீனம் எந்த வகை என்று கேளுங்கள்

எவ்வளவு ஒழுங்கீனம் என்று கேட்பதற்கு முன் எந்த வடிவ ஒழுங்கீனம் என்று கேட்க வேண்டும். ஒட்சிசன் அணு இல்லாத வெற்றிடங்கள், இடம் மாறிய அணுக்கள் ஆகியன புள்ளிக் குறைகள். அவை எங்கும் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் வலிமை குறைந்தது. கனமான அயன்களை உயர் சக்தியில் செலுத்தினால் படிகத்தை ஊடறுத்துச் செல்லும் சில நானோமீற்றர் விட்டமுள்ள தடங்கள் உண்டாகும். இவை கம்பத் தடங்கள். இற்றியம் சேர்மத்தில் இரட்டைப் படிக எல்லைகள் தளங்களாகவே அமைகின்றன. சுழிப்பு தன் நீளம் முழுவதையும் ஒரு கம்பத் தடத்துக்குள் கிடத்தலாம். புள்ளிக் குறைகளில் சாய்வதென்றால் அங்குமிங்குமாக வளைய வேண்டும். ஒன்று சுழிப்பை நிமிர்த்துகிறது, மற்றது நெளியச் செய்கிறது.

படி 5: பலமற்ற புள்ளிக் குறைகள் சாலகத்துக்கு என்ன செய்கின்றன

1970இல் அனத்தோலி லார்கின் ஒரு வியப்பான முடிவைத் தந்தார்: எவ்வளவு பலமற்ற ஒழுங்கீனமும், போதிய தூரத்தில், சாலகத்தின் நெடுந்தூர ஒழுங்கை அழித்துவிடும். எழுந்தமானமான விசைகள் ஒரு பகுதிக்குள் கூடும்போது அவற்றின் தொகை குறைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக வளர்கிறது. முப்பரிமாணத்தில் மீள்விசை அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு வளர்வதில்லை. ஆகையால் சாலகம், தனக்குள் ஒழுங்காகவும் ஒன்றுக்கொன்று சற்று விலகியும் இருக்கும் பகுதிகளாகப் பிரிகிறது. அப்பகுதியின் அளவே லார்கின் நீளம்.

இதிலிருந்து ஒழுங்கு முற்றாக அழிந்தது என்று நீண்ட காலம் எண்ணப்பட்டது. நாட்டர்மான் 1990இலும், கியமார்க்கியும் லெ டூசாலும் 1990களின் நடுப்பகுதியிலும் இம்முடிவைத் திருத்தினார்கள். விலகலின் வர்க்கச் சராசரி மிகமிக மெதுவாக, தூரத்தின் மடக்கையாகவே வளர்கிறது; எந்த ஒரு சுழிப்புக்கும் அயலவர் எண்ணிக்கை ஆறாகவே இருக்கிறது; நியூத்திரன் சிதறலில், ஒழுங்கான அமைப்பின் அடையாளமான கூர்மையான பிராக் உச்சங்களும் தோன்றுகின்றன. இவ்வவத்தைக்குப் பிராக் கண்ணாடி என்று பெயர். ஒழுங்கீனம் உள்ளே இருந்தும் இடப்பிறழ்வுகள், அதாவது சாலகத்தின் வரிசை இடையில் முறியும் இடங்கள், இல்லை என்பதே இதன் அடையாளம். இந்தச் சொல் மாணவரைக் குழப்பும்: கண்ணாடி என்றாலும் இதுவே ஒழுங்கான அவத்தை.

படி 6: ஒழுங்கீனத்தின் சக்தியைத் தராசில் ஏற்றிக் கோட்டை வரையுங்கள்

படி 3இல் கண்ட கூண்டுச் சக்தி புலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. குறைகள் சுழிப்பைப் பிடித்து வைக்கும் பிணிப்புச் சக்தியோ அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. எனவே தாழ்ந்த வெப்பநிலையிலும் ஒரு புலத்துக்கு மேல் பிணிப்பு வென்றுவிடும். சுழிப்புகள் அயலவரை விட்டுக் குறைகள் அமைக்கும் சக்திப் பள்ளங்களில் விழுந்து, சாலகம் இடப்பிறழ்வுகள் நிறைந்த குழப்பமான திண்மமாக மாறும். ஆகவே பிராக் கண்ணாடிக்கு இரண்டு எல்லைகள்: உயர்ந்த வெப்பநிலையில் வெப்பம் அதை உருக்குகிறது, தாழ்ந்த வெப்பநிலையில் புலம் கூடக்கூட ஒழுங்கீனம் அதைக் குலைக்கிறது. பிஸ்மத் சேர்மத்தில் இவ்விரு எல்லைகளும் ஏறத்தாழ 40 கெல்வினில், சில நூறு காஸில் சந்திக்கின்றன. படி 3இல் வந்த 41 கெல்வினைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது எல்லையில் காந்தமாக்கலில் ஓர் உச்சம் திடீரென எழுகிறது. ஒழுங்கு குலைந்த பிறகு பிணிப்பு ஏன் கூடுகிறது என்று பலர் கேட்பார்கள். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இறுகி நிற்கும் வலை கடலடிப் பாரின் மேலாக வழுக்கி வந்துவிடும். தொய்ந்த வலையோ ஒவ்வொரு பார் இடுக்கிலும் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தளர்ந்த சாலகமும் பள்ளங்களுக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்கிறது. ஆகவே அதை அசைக்க அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. நையோபியம் இருசெலனைட்டில் காணப்படும் உச்ச விளைவையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம்.

ஒழுங்கீனத்தைக் கூட்டினால் என்னாகும் என்பதை 1997இல் காய்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் நேரடியாகச் சோதித்தார்கள். பிஸ்மத் சேர்மப் படிகங்களை இலத்திரன் கற்றையால் தாக்கிப் புள்ளிக் குறைகளைக் கூட்டியபோது, இரண்டாவது எல்லை தாழ்ந்த புலங்களுக்கு இறங்கியது. தராசு சொல்வதும் அதுவே.

இந்த எல்லையில் ஒரு நுட்பம் உண்டு. 2001இல் அவ்ராகாமும் உடன் ஆய்வாளர்களும், அடுக்குகளுக்குச் சமாந்தரமாக ஒரு சிறிய ஆடற்புலத்தைச் செலுத்திச் சுழிப்புகளை மெல்லக் குலுக்கி, பள்ளங்களில் சிக்கியவற்றை விடுவித்தார்கள். அப்போது குழப்பமான எல்லையும் ஐஸ் உருகுவது போன்ற கூர்மையான முதல் வரிசை மாற்றமாகத் தெரிந்தது; இரண்டு எல்லைகளும் ஒரே தொடர்ச்சியான கோடு என்பது தெளிவாகியது. மேலும், ஒரு பகுதியில் கோட்டின் சரிவு தலைகீழாக இருந்தது: மாறாப் புலத்தில் சூடாக்கியபோது குழப்பமான அவத்தை ஒழுங்கான சாலகமாக மாறியது. அங்கே ஒழுங்கான அவத்தைக்கே எந்திரப்பி, அதாவது நுண்ணளவில் அமையக்கூடிய வழிகளின் அளவு, அதிகம். குழப்பமான அவத்தையில் சுழிப்புகள் பள்ளங்களில் இறுகி அசையாமல் கிடக்கின்றன. சாலகத்திலோ ஒவ்வொன்றும் தன் கூண்டுக்குள் தாராளமாக அதிர்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

குலுக்குதலைக் காட்ட நாங்கள் ஒரு பேசின் சோதனை செய்தோம். தையல் ஊசிகளை ஒரே முனை மேலே வருமாறு காந்தமாக்கி, மீன்பெட்டி ரெஜிபோம் துண்டுகளில் குத்தி, பிளாஸ்ரிக் பேசினில் ஆழம் குறைந்த நீரில் மிதக்கவிட்டோம்; மேலே பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைப் பிடித்து அவற்றைக் கூட்டி வைத்தோம். ஊசிகள் தாமாகவே முக்கோண ஒழுங்கில் நின்றன. பிறகு பேசினின் அடியில் சிறிய இரும்பு வொஷர்களை அங்குமிங்குமாக ஒட்டினோம். ஊசிகள் அவற்றின் மேல் போய் நின்றுகொண்டன, ஒழுங்கு கெட்டது. பேசினை விரல் நுனியால் தட்டத் தட்ட, நடுவில் இருந்தவை ஒன்றிரண்டாக விடுபட்டு மீண்டும் வரிசை பிடித்தன. “சேர், குலுக்கினதுக்குப் பிறகுதானே ஒழுங்கா வருது” என்று ஒரு மாணவி சொன்னாள். சிக்கிக் கிடப்பதும் சமநிலையும் வேறு வேறு என்ற பாடத்தை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 7: கம்பத் தடங்கள் இருந்தால் கணக்கை மாற்றுங்கள்

இங்கே முதலில் ஒத்திசைவுப் புலத்தைக் கணிக்க வேண்டும்: தடங்களின் எண்ணிக்கையும் சுழிப்புகளின் எண்ணிக்கையும் சமனாகும் புலம் அது. சதுர சென்ரிமீற்றருக்கு 10¹¹ தடங்கள் என்றால் அது 2.07 தெசுலா. அதற்குக் கீழே ஒவ்வொரு சுழிப்புக்கும் ஒரு தடம் கிடைக்கலாம். அப்போது உருவாகும் உறைந்த அவத்தையை நெல்சனும் வினோகூரும் 1992இல் போஸ் கண்ணாடி என்று பெயரிட்டு விளக்கினார்கள். தடங்கள் சுழிப்புகளைவிட மிகக் குறைவாக இருந்தால் நிலைமை வேறு: தடங்களில் அமர்ந்தவை அசையாத சட்டகமாக நிற்க, மற்றவை அதன் துவாரங்களுக்குள் சிறு படிகங்களாக உறைகின்றன. பிஸ்மத் சேர்மத்தில் இவ்வாறு தடங்களை ஐதாக இட்டபோது உருகல் கோடு மேலே நகர்ந்தது. அதாவது திண்மம் வலுப்பெற்றது. புள்ளிக் குறைகள் திண்மத்தைச் சுருக்குகின்றன, கம்பத் தடங்கள் அதை விரிக்கின்றன.

படி 8: அளவீடுகளை எச்சரிக்கையோடு வாசியுங்கள்

தடைத்திறன் ஒரு வெப்பநிலையில் சட்டென விழுவதைக் கண்டவுடன் அவத்தை மாற்றம் என்று எழுதிவிடக் கூடாது. தடைத்திறன் அசைவைப் பற்றியது. பிணிப்பு மாறினாலும் அது விழும். வெப்ப இயக்கவியல் சான்று வேண்டும். 1995இல் செல்டோவும் உடன் ஆய்வாளர்களும் பிஸ்மத் படிகத்தின் மேல் காந்தப் புலத்தை அளக்கும் நுண்ணிய ஹோல் உணரிகளை வரிசையாக வைத்து, உருகும் இடத்தில் பாய அடர்த்தியில் ஒரு சிறு படிக்கட்டைக் கண்டார்கள். திரவத்தில் சுழிப்புகள் திண்மத்தைவிட நெருக்கமாக இருந்தன. மீன் வாடியில் ஐஸ் கட்டி நீரில் மிதப்பதற்கும் காரணம் இதே வகையானது: உருகும்போது அடர்த்தி கூடுகிறது. 1996இல் ஷில்லிங்கும் உடன் ஆய்வாளர்களும் இரட்டை எல்லைகள் இல்லாத இற்றியம் படிகத்தில் மறைவெப்பத்தையே அளந்தார்கள். ஓர் அடுக்கில் ஒரு சுழிப்புக்கு அது வெப்பச் சக்தியின் ஏறத்தாழ 0.45 பங்கு.

படிகம் முழுவதும் ஒரே வெப்பநிலையில் உருகுவதும் இல்லை. 2000இல் சொய்பெல்லும் உடன் ஆய்வாளர்களும் காந்த ஒளியியல் முறையில் படம் பிடித்தபோது, திரவத் திட்டுகள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வேளையில் தோன்றுவதும், ஒழுங்கீனம் இடத்துக்கு இடம் உருகுநிலையை மாற்றுவதும் தெரிந்தன. ஆகவே முழு மாதிரியின் சராசரியில் மங்கலாகத் தெரியும் மாற்றம், இடத்தளவில் கூர்மையாகவே இருக்கலாம். புலத்தில் வைத்துக் குளிரூட்டிய மாதிரிக்கும், குளிரூட்டிய பின் புலம் கொடுத்த மாதிரிக்கும் விடை வேறுபடுகிறதா என்றும் எப்போதும் பாருங்கள்.

உயர் புலத்தில் உள்ள குழப்பமான திண்மம் உண்மையான கண்ணாடி அவத்தையா என்பது இன்னும் கடினமான கேள்வி. மத்தியூ ஃபிஷர் 1989இல் சுழிப்புக் கண்ணாடியை முன்வைத்தார். அதே ஆண்டில் இற்றியம் படலங்களில் அதற்கு ஆதரவான அளவீடுகள் வந்தன. தனி அடுக்கு ஒன்றில் அத்தகைய மாற்றம் பூச்சிய வெப்பநிலையிலேயே நிகழும் என்பதால், அடுக்குகள் பிரிந்து நடக்கும் பிஸ்மத் சேர்மத்தில் அச்சொல்லை நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துவேன்.

படி 9: கணினியில் செய்து பாருங்கள்

ஓர் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். 400 சுழிப்புகளை 20 வரிசைகளாக வையுங்கள். பெட்டியின் அகலம் 20 இடைவெளி, உயரம் 17.32 இடைவெளி. இந்த விகிதத்தைத் தவறவிட்டால் முக்கோணச் சாலகம் பெட்டிக்குள் பொருந்தாமல், ஒழுங்கீனம் இல்லாமலேயே குறைகள் தோன்றும். என் முதல் நிரலில் ஒரு வாரம் இதிலேயே போனது. விளிம்புகளைச் சுற்றிவளைந்து இணையும்படி அமையுங்கள். எழுந்தமானமான இடங்களில் சிறு பள்ளங்களை இட்டு, வெப்ப உதைப்புகளோடு மிக மெதுவாகக் குளிரூட்டுங்கள். ஒவ்வொரு சுழிப்பின் அயலவர்களையும் எண்ணுங்கள். ஐந்தும் ஏழும் சோடியாக நிற்கும் இடமே இடப்பிறழ்வு. கூடவே சிதறல் படம் எப்படித் தோன்றும் என்று காட்டும் கட்டமைப்புக் காரணியையும் வரைந்து, பிராக் உச்சங்கள் மங்குகின்றனவா என்று பாருங்கள்.

ஒரே ஒரு பள்ள அமைப்பில் கிடைத்த விடையை நம்பாதீர்கள். குறைந்தது சில பத்து வேறுபட்ட அமைப்புகளில் சராசரி எடுக்க வேண்டும். இரு பரிமாணத்தில் பிராக் கண்ணாடி நிலைப்பதில்லை என்பதால், பலமற்ற ஒழுங்கீனத்தோடு 400 சுழிப்புகளில் குறையே தெரியாவிட்டாலும், பெட்டி பெரிதானால் குறைகள் வந்துவிடும். ஆகவே 1600, 3600 என்று பெட்டியைப் பெருக்கி, ஒரு சுழிப்புக்கான குறைகளின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று குறித்து வையுங்கள். அதற்குப் பிறகே இரண்டாம் அடுக்கைச் சேர்த்து, மேல் வட்டுக்கும் கீழ் வட்டுக்கும் இடையே ஒரு சிறிய ஈர்ப்பைக் கொடுத்து, அந்த ஈர்ப்பைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அடுக்குகளின் எண்ணிக்கையும் ஈர்ப்பும் கூடக்கூட எந்தப் புள்ளியில் ஐந்து–ஏழு சோடிகள் குறையத் தொடங்குகின்றன என்பதைக் குறித்து, அந்த எண்ணைப் படி 2இல் நீங்கள் கையால் கணித்த புலத்தோடு ஒப்பிடுங்கள்.